லேப்ராஸ்கோபி ஆபரேஷனில் அலட்சியத்தால் பாதிப்பா? பெங்களூரில் இழப்பீடு கேட்பதற்கான முழுமையான வழிகாட்டி

என் அக்காவுக்கு லேப்ராஸ்கோபி மூலம், அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷனில், கர்ப்பப்பையை எடுத்தார்கள். அப்போது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் வலது பக்கச் சிறுநீர்க்குழாயில் அடிபட்டது. அதைக் கண்டுபிடிக்கவே பத்தொன்பது நாள் ஆனது. சாந்திநகர் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு முடிய இரண்டு வருடம் ஒன்பது மாதம் ஆனது. அதற்குப் பிறகு அல்சூர், ஸ்ரீராம்புரம், ஓசூர் ரோடு என்று தெரிந்தவர்கள் வழியாகப் பலர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

அந்த ஃபைலைத் திறந்தால் பெரும்பாலும் இருப்பது நாலு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியும், ஏற்கெனவே அனுப்பிவிட்ட வக்கீல் நோட்டீஸின் நகலும்தான். கேஸ் ஷீட் (மருத்துவமனையில் தினமும் எழுதப்படும் முழுப் பதிவு) கையில் இல்லாமல், ஞாபகத்தில் இருந்ததை வைத்துக் கோபத்தோடு எழுதிய நோட்டீஸ். பின்னால் கேஸ் ஷீட் கிடைக்கும்போது நோட்டீஸில் ஒரு தேதி, அதில் ஒரு தேதி என்று இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். அதனால் என்ன செய்ய வேண்டும் என்பதோடு, எதற்குப் பிறகு எதைச் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் வக்கீலிடம் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் இதில் முக்கால்வாசி.

1. முதலில் சிகிச்சை

லேப்ராஸ்கோபி முடிந்த நோயாளி ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடத் தேற வேண்டும். வயிற்றுக்குள் ஏற்றிய கார்பன் டை ஆக்சைடால் தோள்பட்டை ஒன்றிரண்டு நாள் வலிப்பது வழக்கமானது. மூன்றாம் நாளுக்கு மேல் வயிற்று வலி ஏறுவது, வயிறு உப்புவது, காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, கண் மஞ்சளாவது, விலாப்பக்க வலி, தானாகச் சிறுநீர் ஒழுகுவது ஆகியவை வழக்கமானவை இல்லை. ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்கவில்லை என்றால் அன்றைக்கே வேறு மருத்துவமனைக்குப் போங்கள். பணம் தடையாக இருந்தால் விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் சிறுநீரகத்துக்கும் குடல், கல்லீரலுக்கும் தனித்தனி அரசு நிலையங்கள் இருக்கின்றன.

இரண்டாவது மருத்துவமனையில் பழைய கதை முழுவதையும் சொல்லுங்கள். சிலர் பயந்து மறைக்கிறார்கள். அப்படி மறைத்தால் அங்குள்ள டாக்டர் எழுதும் குறிப்பில் முதல் ஆபரேஷனுக்கும் இந்தக் காயத்துக்கும் உள்ள தொடர்பு பதிவாகாது. எந்த உறுப்பில், எந்த இடத்தில், எந்த மாதிரிக் காயம் என்பது அவர்களுடைய ஆபரேஷன் குறிப்பிலும் ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் தெளிவாக வர வேண்டும். “அந்த டாக்டர் தப்பு செய்தார்னு எழுதிக் கொடுங்க” என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் டாக்டர் பேனாவையே மூடிவிடுவார். பார்த்ததை எழுதச் சொன்னால் எழுதுவார். அது போதும்.

2. இரண்டு வருடக் கெடுவைக் குறித்து வையுங்கள்

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு தாக்கலாக வேண்டும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் ஆணையம் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

உள்ளே நடந்த தவறு பின்னால்தான் தெரிந்தது என்றால் தெரிந்த நாளிலிருந்து கணக்கிட வாதாடலாம். அதற்கும் எல்லை உண்டு. பித்தப்பை ஆபரேஷனில் துணி உள்ளேயே விடப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு வழக்கு 2010-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. வருடக்கணக்காக வலி இருந்தும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று நீதிமன்றம் கேட்டது. வலி இருந்தால் போய்க் காட்டுங்கள், போனதற்கு ஓ.பி. சீட்டை வைத்திருங்கள். பாதுகாப்புக்கு ஆபரேஷன் தேதியிலிருந்தே இரண்டு வருடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

3. சண்டைக்கு முன்னால் கேஸ் ஷீட்

இதுதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். டிஸ்சார்ஜ் சம்மரி மருத்துவமனை நமக்காக எழுதித் தரும் சுருக்கம் மட்டுமே. உண்மையில் என்ன நடந்தது என்பது கேஸ் ஷீட்டில் இருக்கிறது.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகளின்படி நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். வாயால் கேட்டால் “இன்சூரன்ஸுக்குப் போயிருக்கு, அடுத்த வாரம் வாங்க” என்றுதான் பதில் வரும். அதனால் எழுத்தில் கேளுங்கள். நோயாளியின் பெயர், உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி போட்டு, நோயாளியே கையெழுத்திட்டு, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, மின்னஞ்சலும் போடுங்கள். 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதற்கு அந்தச் சீல்தான் சாட்சி.

கடிதத்தில் “எல்லா ரெக்கார்டும்” என்று பொதுவாக எழுதினால் சம்மரியையே திரும்பவும் நகலெடுத்துக் கொடுப்பார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: கன்சென்ட் ஃபார்ம், ஆபரேஷன் குறிப்பு, அனஸ்தீசியா சார்ட், டாக்டர்களின் தினசரிக் குறிப்பு, நர்ஸ் குறிப்பு, காய்ச்சல்-நாடித்துடிப்பு சார்ட், உள்ளே போன திரவம் வெளியே வந்த சிறுநீர் கணக்கு, டிரெய்ன் (உள்ளே தேங்கும் திரவத்தை வெளியேற்ற வைக்கும் குழாய்) அளவு, மருந்து சார்ட், லேப் முடிவுகள், ஸ்கேன் படமும் ரிப்போர்ட்டும், திசுப் பரிசோதனை அறிக்கை, வகைவாரியான பில்.

லேப்ராஸ்கோபியில் இன்னொன்று உண்டு. ஆபரேஷன் முழுவதும் கேமரா வழியாகத் திரையில்தான் நடக்கிறது. பல இடங்களில் அதைப் பதிவு செய்கிறார்கள், சில இடங்களில் செய்வதில்லை, செய்தாலும் நாளடைவில் அழித்துவிடுகிறார்கள். “பதிவு இருந்தால் நகல் தரவும், அழிக்காமல் பாதுகாக்கவும்” என்று முதல் கடிதத்திலேயே ஒரு வரி சேருங்கள். பின்னால் இல்லை என்று சொன்னால், எப்போது இல்லாமல் போனது என்ற கேள்வியைக் கேட்க அந்த வரி உதவும்.

இந்தக் கடிதத்தில் திட்டாதீர்கள், இழப்பீடு என்ற வார்த்தையையே எழுதாதீர்கள். “மேற்சிகிச்சைக்குத் தேவைப்படுகிறது” என்று எழுதினால் போதும், அது உண்மையும்கூட. ரிசப்ஷனில் கூச்சல், கண்ணாடி உடைப்பு என்று போனால் கர்நாடகத்தின் 2009 மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உங்கள் மேல்தான் வழக்கு விழும்.

இன்சூரன்ஸில் சிகிச்சை நடந்திருந்தால் அந்தக் கம்பெனியிடமும் தனியாகக் கேளுங்கள். மருத்துவமனை அவர்களுக்கு அனுப்பிய காகிதத்துக்கும் உங்களுக்குத் தந்த காகிதத்துக்கும் வித்தியாசம் இருந்தால் அது மிகப் பெரிய தடயம். அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்.

வந்த கட்டு முழுவதையும் அன்றைக்கே ஸ்கேன் செய்து, பக்க எண் போடுங்கள். அசலில் பேனா படக் கூடாது.

4. மணி வாரியாக அடுக்குங்கள்

ஒரு நீள நோட்டில் நாலு பத்தி போடுங்கள்: தேதி, மணி, என்ன நடந்தது, எந்தப் பக்கத்தில் இருக்கிறது. டாக்டர் குறிப்பு, நர்ஸ் குறிப்பு, மருந்து சார்ட் எல்லாவற்றையும் பிரித்து ஒரே வரிசையில் கொண்டுவாருங்கள். தனித்தனியாகப் படித்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் இடைவெளி கண்ணில் படும்.

அக்காவுக்கு நாலாம் நாளிலிருந்து காய்ச்சல், வலது விலாவில் வலி. எட்டாம் நாள் படுக்கை நனைந்தது. ஓ.பி.யில் காட்டியபோது “வெள்ளைப்படுதல்தாம்மா, பத்து நாள்ல சரியாயிடும்” என்று ஆன்டிபயாடிக் எழுதினார்கள். பதினோராம் நாள் திரும்பச் சேர்த்தோம். 143 பக்கக் கட்டில் நான் மூன்று முறை தாண்டிப் போன ஒரு வரி, நர்ஸ் குறிப்பில் நீல மையில் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. பன்னிரண்டாம் நாள் விடியற்காலை 4.10. நோயாளி தொடர்ந்து ஈரமாக இருப்பதாகச் சொல்கிறார், பேட் முழுக்க நனைந்திருக்கிறது, சிறுநீர் வாடை, டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த டாக்டர் குறிப்பு அன்று மாலை ஆறு மணிக்கு. அதில் “பொது நிலை திருப்தி” என்று மட்டும். ஸ்கேனும் இல்லை, யூராலஜி (சிறுநீரகத் துறை) டாக்டரைக் கூப்பிடவும் இல்லை. இரவு முழுக்கத் தூங்காமல் பேட் மாற்றிக்கொண்டிருந்த அந்த நர்ஸ் தான் பார்த்ததை அப்படியே எழுதினாள். வழக்கு அந்த ஒரு வரியில்தான் நின்றது. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது, கையெழுத்து மட்டும் மறக்கவில்லை.

பிறகு எழுதிச் சேர்த்த குறிப்புகளையும் கவனியுங்கள். ஒரே மையில், ஒரே கையெழுத்தில் மூன்று நாள் குறிப்பு இருந்தால் பக்க எண்ணோடு குறித்துவையுங்கள். திருத்தினார்கள் என்று நீங்களே முடிவு கட்டி எழுதாதீர்கள். அதைக் கேள்வியாக வைக்க வேண்டிய இடம் பின்னால் வரும்.

5. சிக்கலா, அலட்சியமா?

புதிதாக வருபவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. “உறுப்பை வெட்டிட்டாங்க, அதுவே தப்புதானே?” என்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒழுங்காகச் செய்தாலும் சில காயங்கள் ஏற்படலாம் என்று மருத்துவம் ஒத்துக்கொள்கிறது. 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின்படி, அதே துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒரு டாக்டர் செய்திருக்க வேண்டியதை இவர் செய்தாரா என்பதுதான் அளவுகோல். விளைவு மோசமாக இருப்பது மட்டும் போதாது.

ஆகவே உங்கள் கேள்வியை மூன்று இடத்தில் தேடுங்கள். ஆபரேஷனுக்கு முன் செய்ய வேண்டிய சோதனை விட்டுப்போனதா? ஆபரேஷனில் செய்ய வேண்டிய பாதுகாப்பு விட்டுப்போனதா? காயத்துக்குப் பிறகு கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் வேண்டிய நேரத்தில் வேண்டியதைச் செய்தார்களா? என் அனுபவத்தில் நின்று ஜெயிக்கிற வழக்குகள் பெரும்பாலும் மூன்றாவதில்தான் நிற்கின்றன. காயம் ஏற்பட்டது எப்படி என்பதற்கு அந்த அறைக்குள் இருந்தவர்கள் மட்டுமே சாட்சி. காயத்துக்குப் பிறகு கடந்த நாட்களுக்குக் காகிதம் சாட்சி.

பித்தப்பை ஆபரேஷன்: பித்தப்பையிலிருந்து வரும் சின்னக் குழாய் என்று நினைத்து, கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பொதுப் பித்தநாளத்தையே கிளிப் போட்டு வெட்டிவிடுவதுதான் இதில் வரும் பெரிய காயம். இதைத் தவிர்க்க உலகம் முழுவதும் ஒரு முறை சொல்லப்படுகிறது. கொழுப்பையும் திசுவையும் விலக்கி, பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு அமைப்புகள்தான் என்று கண்ணால் உறுதிசெய்த பிறகே கிளிப் போட வேண்டும். ஆபரேஷன் குறிப்பில் இது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முடியாத நிலையில் வயிற்றைத் திறந்து செய்ய மாறியிருக்க வேண்டும். மாறுவது தோல்வி ஆகாது, மாறாமல் தொடர்ந்ததுதான் கேள்விக்குரியது. அடுத்த நாட்களில் டிரெய்னில் பித்தம் வந்ததா, ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் காமாலை அளவு) ஏறியதா, பித்தநாளத்தைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எப்போது எடுத்தார்கள் என்பதையும் தேடுங்கள்.

குடல், ரத்தக்குழாய்: முதல் ஊசியையும் குழாயையும் தொப்புள் பக்கம் செருகும்போதே கணிசமான காயங்கள் ஏற்படுகின்றன. ஏற்கெனவே சிசேரியனோ வேறு ஆபரேஷனோ நடந்திருந்தால் குடல் வயிற்றுச் சுவரில் ஒட்டியிருக்கலாம். அதைக் கேட்டு எழுதினார்களா, அதற்கேற்ப வேறு இடத்தில் செருகினார்களா என்று பாருங்கள். மின்கருவியால் குடலில் சூடு பட்டால் அன்றைக்கே ஓட்டை தெரியாது, சில நாள் கழித்துத்தான் திறக்கும். அதனால்தான் வலி ஏறிக்கொண்டே போனபோது என்ன செய்தார்கள் என்பது முக்கியமாகிறது.

கர்ப்பப்பை ஆபரேஷன்: சிறுநீர்க்குழாய் கர்ப்பப்பை ரத்தக்குழாய்க்கு அடியில், விரல் தூரத்தில் போகிறது. அதை அடையாளம் கண்டதாகக் குறிப்பில் இருக்கிறதா? சந்தேகம் இருந்தால் ஆபரேஷன் முடிவில் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் சிறுநீர் வருகிறதா என்று பார்க்கலாம். விலாவலி, காய்ச்சல், ஒழுகல் வந்தபோது சிறுநீரக ஸ்கேன் எடுத்தார்களா?

குடும்பக்கட்டுப்பாட்டு லேப்ராஸ்கோபிக்குப் பிறகு மறுபடி கர்ப்பம் தரித்தது மட்டும் அலட்சியம் ஆகாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு அரசின் தனி இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், சுகாதார அலுவலகத்தில் உடனே கேளுங்கள்.

6. கன்சென்ட் ஃபார்மைத் தனியாகப் படியுங்கள்

நம் ஆட்கள் இதை அசட்டையாக விட்டுவிடுகிறார்கள், “கையெழுத்து போட்டாச்சே, இனி என்ன” என்று. கையெழுத்து, அலட்சியத்துக்குக் கொடுத்த அனுமதி இல்லை.

இந்த விஷயத்தில் முக்கியமான தீர்ப்பே ஒரு லேப்ராஸ்கோபி வழக்கில்தான் வந்தது. டெல்லியில் ஒரு பெண் நோயறிதலுக்கான லேப்ராஸ்கோபிக்குச் சம்மதித்து மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயிடம் கேட்டுவிட்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். நோயறிதலுக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குப் பொருந்தாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது நோயாளியின் சம்மதம்தான் வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பெங்களூரில் நமக்கென்று ஒரு பிரச்சினை இருக்கிறது. ஃபார்ம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இருக்கும். கையெழுத்துப் போடும் அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். “இல்லி சைன் மாடி அம்மா” என்று விரலால் இடத்தைக் காட்டுவார்கள், அவ்வளவுதான் விளக்கம். யார், எந்த மொழியில், எத்தனை மணிக்கு விளக்கினார்கள் என்று ஃபார்மில் இருக்கிறதா? ஆபரேஷன் பெயர் கையால் எழுதியிருக்கிறதா, காலியாக இருந்து பின்னால் நிரப்பப்பட்டதா? சாட்சிக் கையெழுத்து யாருடையது? மயக்க ஊசிக்கு முந்தைய மருந்து கொடுத்த மணியும் கையெழுத்திட்ட மணியும் முன்பின்னாக இருக்கின்றனவா? எல்லாவற்றையும் உங்கள் நோட்டில் சேருங்கள்.

7. வேறு டாக்டரின் கருத்து

எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை, தவறு வெளிப்படையாக இருந்தால் தேவையில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உள்ளே துணியை விட்டது போன்றவை அந்த வகை. பித்தநாளக் காயம், சிறுநீர்க்குழாய்க் காயம் எல்லாம் அப்படித் தெளிவானவை இல்லை. கருத்து வாங்குவதே நல்லது.

அதே துறை, அதே ஆபரேஷனைத் தொடர்ந்து செய்பவர், முடிந்தால் வேறு ஊர்க்காரர் அல்லது ஓய்வுபெற்ற மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். உள்ளூரில் ஒருவருக்கொருவர் தெரிந்திருப்பதால் தயங்குவார்கள். நீங்கள் போட்ட மணிவாரி அட்டவணையோடு போனால் படித்துப் பார்க்க ஒத்துக்கொள்வார்கள், 143 பக்கத்தைக் கட்டாக வைத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். “அலட்சியமா?” என்று கேட்காமல் “எட்டாம் நாள் இந்த அறிகுறிகளோடு வந்தால் நீங்கள் என்ன சோதனை செய்வீர்கள்?” என்று கேளுங்கள். அந்தப் பதிலைத்தான் கையெழுத்தோடு எழுத்தில் வாங்க வேண்டும். அவர் இதில் அலட்சியம் இல்லை என்று சொன்னால் அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். அப்படிச் சொல்லி நான் திருப்பி அனுப்பிய இரண்டு குடும்பம் மூன்று வருட அலைச்சலிலிருந்து தப்பியது.

8. எந்தக் கதவைத் தட்டுவது

பணம் வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம்தான் நடைமுறையில் வசதியான வழி. மருத்துவ சேவை இந்தச் சட்டத்துக்குள் வரும் என்பது 1995 சாந்தா தீர்ப்பிலிருந்து நிலைத்த விஷயம். இன்சூரன்ஸ் கட்டியிருந்தாலும் வரும். எல்லாருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு மருத்துவமனை வராது, அதற்கு சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ போக வேண்டும். பீன்யா தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்பது இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பற்றி. சம்பளத்தில் பிடித்தம் போவதால் இ.எஸ்.ஐ. மருத்துவமனை மேலும் நுகர்வோர் வழக்கு போடலாம் என்று 2007-ல் தீர்ப்பு இருக்கிறது.

எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து முடிவாவதில்லை. சிகிச்சைக்குக் கட்டிய தொகையை வைத்துத்தான். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம். ஒன்றரை லட்சம் பில் கட்டி நாற்பது லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய்.

2019 சட்டத்தில் வந்த பெரிய வசதி, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது. ஆபரேஷன் சேலத்திலோ வேலூரிலோ நடந்திருந்தாலும் பெங்களூரில் குடியிருந்தால் இங்கேயே தாக்கல் செய்யலாம்.

கர்நாடக மருத்துவக் கவுன்சிலில் டாக்டர் மேல் புகார் கொடுக்கலாம். அவர்கள் எச்சரிக்கலாம், பதிவை நிறுத்தி வைக்கலாம், ஆனால் பணம் வாங்கித் தர முடியாது. போலீஸில் புகார் கொடுத்தால் காசு சீக்கிரம் வரும் என்று நம்பி முதலில் அங்கே ஓடாதீர்கள். குற்ற வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் வேண்டும், வேறொரு டாக்டரின் கருத்து இல்லாமல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றும் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பிலேயே இருக்கிறது. அங்கே அலட்சியம் இல்லை என்று ஒரு அறிக்கை வந்துவிட்டால் அதையே கொண்டுவந்து நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு நீட்டும்.

9. தொகைக்குக் கணக்கு வேண்டும்

ஒரு கோடி என்று வாய்க்கு வந்ததை எழுதினால் மனுவின் மதிப்பே குறையும். ஒவ்வொரு ரூபாய்க்கும் காகிதம் காட்டுங்கள்: முதல் பில், திருத்தச் சிகிச்சை பில், மருந்து, ஆட்டோ, கூட இருந்தவர் இழந்த சம்பளம், இனி வேண்டிய சிகிச்சைக்கு டாக்டர் எழுதித் தந்த மதிப்பீடு. அப்புறம் வலி, மன வேதனை என்று ஒரு தொகை. அக்கா வீட்டிலேயே இருப்பவர். “வருமானம் இல்லை, அதனால இழப்பும் இல்லை” என்று மாமாவே சொன்னார். இல்லத்தரசியின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்று 2010-ல் ஒரு சாலை விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதுகு வழியாகச் சிறுநீரகத்தில் குழாய் செருகி மூன்று மாதம் பையோடு நடமாடியபோது சமைக்கவும் துவைக்கவும் ஆள் வைத்தோம். அந்தச் சம்பளத்தை மாதாமாதம் வங்கி வழியாக அனுப்பியிருந்ததால் காட்ட முடிந்தது.

10. நோட்டீஸ், பிறகு மனு

இப்போதுதான் நோட்டீஸ். மருத்துவமனையையும் ஆபரேஷன் செய்த டாக்டரையும் சேருங்கள். டாக்டர் வெளியிலிருந்து வந்து செய்பவர் என்று மருத்துவமனை கைகழுவ முடியாது. சம்பந்தம் இல்லாத ஜூனியர், நர்ஸ் எல்லாரையும் இழுக்காதீர்கள். உங்களுக்குச் சாட்சியாகக்கூடியவர்களை எதிரியாக்கிக்கொள்வீர்கள். பதிலுக்கு 15 அல்லது 30 நாள் கொடுங்கள். பெரும்பாலும் டாக்டரின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலிடமிருந்து பதில் வரும், மிரள வேண்டாம்.

மனுவை 2025 ஜனவரியிலிருந்து நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் ஏற்றலாம். சந்தேகத்துக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மனு ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருக்கட்டும். தமிழில் உள்ள ரசீது, கடிதம் இருந்தால் மொழிபெயர்ப்பும் வையுங்கள். பிரமாணப் பத்திரத்தில் நோயாளிக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டப்பட்டது என்ற வரி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் “இதில் எழுதியிருப்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது” என்று ஒரு தாக்குதல் வரும். மனுவின் நடுவே உணர்ச்சியைக் கொட்டாமல், நாலாவது படியில் போட்ட அட்டவணையையே பத்தி பத்தியாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பக்க எண் கொடுங்கள்.

வக்கீல் இல்லாமலே வாதாடச் சட்டம் அனுமதிக்கிறது. மருத்துவ வழக்கில் மட்டும், ஏற்கெனவே இப்படிப்பட்டவை நடத்திய வக்கீலை வைத்துக்கொள்வதே நல்லது.

11. ஆணையத்தில்

ஆணையத்தின் நோட்டீஸ் போன பின் எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள்தான் கிடைக்கும். 45 நாளுக்கு மேல் ஆணையமே நீட்டிக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதியாகச் சொல்லிவிட்டது. அந்தத் தேதியைக் கணக்கு வைத்திருங்கள்.

டாக்டரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது இங்கே அரிது. எழுத்தில் கேள்விகள் கொடுத்து, சத்தியத்தின் மேல் எழுத்தில் பதில் வாங்குவார்கள். பின்னால் வரும் என்று நாலாவது படியில் சொன்ன இடம் இதுதான். ஒரு கேள்விக்கு ஒரு தகவல், பக்க எண்ணோடு. நாங்கள் கேட்டது: “78-ம் பக்கம், விடியற்காலை 4.10 தகவல் உங்களுக்கு எப்போது தெரிந்தது? தெரிந்த பின் எந்தச் சோதனைக்கு உத்தரவிட்டீர்கள்? அந்த உத்தரவு எந்தப் பக்கத்தில் உள்ளது?” மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவே இல்லை.

ஆணையம் ஆவணங்களை அரசு மருத்துவக் குழுவுக்கு அனுப்பலாம். அப்படி அனுப்பினால் எந்தக் கேள்விக்குக் கருத்து வேண்டும் என்று நீங்களும் எழுதிக் கொடுங்கள். “அலட்சியம் உண்டா?” என்று மட்டும் போனால் ஒரு வரியில் இல்லை என்று வந்துவிடும்.

அக்கா வழக்கில் சிறுநீர்க்குழாய் அடிபட்டதை ஆணையம் குற்றமாகக் கொள்ளவில்லை. எட்டாம் நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள் வரை சோதிக்காமல் விட்டதுதான் சேவைக் குறைபாடு என்று தீர்ப்பானது. கேட்டது 18 லட்சம், கொடுத்தது வட்டியோடு 7 லட்சம்.

12. சமரசம், மேல்முறையீடு, வசூல்

நடுவில் சமரசப் பேச்சு வரும். ஆணையம் மூலமாகவே மத்தியஸ்தம் நடந்தால் நல்லது. மருத்துவமனை அறையில் பணத்தைக் கையில் கொடுத்து “முழுத் தீர்வு” என்று கையெழுத்துக் கேட்டால், திருத்தச் சிகிச்சை முடிந்து மொத்தச் செலவு தெரியும் வரை போடாதீர்கள்.

தீர்ப்புக்கு எதிராக 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அவர்கள் போனால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். யாருமே போகாமல், பணமும் கட்டாமல் இருந்தால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மீறினால் மூன்று வருடம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. எங்களுக்குக் காசோலை வந்தது அந்த மனு போட்ட பிறகுதான். மனுவோடு தீர்ப்பின் சான்றிட்ட நகல் கேட்பார்கள். அதனால் தீர்ப்பு வந்த வாரமே இரண்டு நகலுக்கு விண்ணப்பித்து வாங்கி வைத்துவிடுங்கள்.